கல்லீரற் கட்டியைச் சுடும் ஊசி

தீ மனிதன் கைக்கு எட்டிய மிகப் பழைய கருவிகளுள் ஒன்று. அது சோறும் ஆக்கும், வீட்டையும் எரிக்கும். அளவில் நிற்குங்கால் துணையாகவும், அளவு கடக்குங்கால் பகையாகவும் விளங்குவது அதன் இயல்பு. இத்தகைய தீயை நோய் நீக்குதற்குக் கையாளும் வழக்கம் நம் நாட்டில் மிகத் தொன்மையானது. சுசுருத சங்கிதையில் அக்கினி கர்மம் என்பது ஒரு தனி அத்தியாயமாகவே கூறப்பட்டுள்ளது. காய்ச்சிய உலோகச் சலாகை, வெல்லம், எண்ணெய் முதலியவற்றால் நோயுற்ற இடத்தைச் சுடும் முறை அதன்கண் விளக்கப்பட்டிருக்கின்றது. எனினும் அத்தீ சென்றதெல்லாம் வைத்தியன் கண்ணுக்கும் கைக்கும் எட்டிய இடங்களுக்கே. விலாவெலும்புகளின் பின்னே மறைந்து கிடக்கும் கல்லீரலில் எழுந்த ஒரு கட்டியை, வயிற்றைக் கீறாமலே, ஓர் ஊசியின் முனையிற் பிறக்கும் வெப்பத்தாற் சுட்டழிக்கலாம் என்பது சென்ற முப்பத்தைந்து ஆண்டுகளுக்குள் நிலைபெற்ற புதுமை.

அச்சிகிச்சை யாது, அஃது எங்ஙனம் தொழிற்படுகின்றது, யாருக்குப் பயன்படும், யாருக்குப் பயன்படாது என்பவற்றை இவ்வியாசத்திற் சுருங்க உரைப்பாம். தீ பழையதேயாயினும், அதனை உரிய இடத்திற் செலுத்தி, உரிய அளவில் நிறுத்துங் கண்ணே புதிது என்பது இதனால் இனிது புலனாகும்.

கல்லீரலும் அதன் கட்டிகளும்

நம் உடலின் உள்ளுறுப்புக்களுள் மிகப் பெரியது கல்லீரல். வளர்ந்தோரிடத்து அதன் நிறை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோகிராம். உணவின் சத்துக்களைப் பக்குவஞ் செய்து சேமித்தல், பித்தநீரைச் சுரத்தல், இரத்தம் உறைதற்கு வேண்டிய பொருள்களை ஆக்குதல், நஞ்சினை மாற்றி வெளியேற்றுதல் ஆகிய தொழில்கள் பல அதற்குண்டு. இத்துணைத் தொழில் புரிந்தும் அது வாய் திறவாத உறுப்பு. அதனை மூடியுள்ள மெல்லிய உறை இழுபட்டாலன்றி நோவு தோன்றுவது அரிது. ஆதலின் உள்ளே ஒரு சிறு கட்டி வளருமாயின் அதற்குரியவர் அதனை உணரார்; உண்பார், உறங்குவார், தொழிலுக்குச் செல்வார். பின்னர்க் கூறப்போகும் பலவற்றிற்கும் இவ்வுண்மையே அடிப்படையாதலின் படிப்போர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

கல்லீரலில் எழும் புற்றுக் கட்டிகள் இருவகைப்படும். ஈரலின் அணுக்களிலேயே பிறப்பது ஒருவகை. இது பெரும்பாலும் நெடுநாள் நோய்வாய்ப்பட்டுச் சுருங்கி இறுகிய ஈரலில் எழுவது. அவ்விறுக்கத்தைச் 'சிரோசிஸ்' என்பர். ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி என்னும் நுண்கிருமிகளும், மதுவும், ஈரலிற் கொழுப்புப் படிதலும் அதற்குரிய காரணங்களுள் முக்கியமானவை. பெருங்குடல் முதலிய வேறு உறுப்புக்களிற் பிறந்த புற்று, இரத்தத்தின் வழியாக வந்து ஈரலிற் குடியேறுவது மற்றொருவகை. முதல் வகையினால் மாத்திரம் 2022-ஆம் ஆண்டில் உலகமுழுவதிலும் ஏறக்குறைய 8 லட்சத்து 66 ஆயிரம் பேர் புதிதாகப் பீடிக்கப்பட்டனர். ஏறக்குறைய 7 லட்சத்து 59 ஆயிரம் பேர் இறந்தனர் என்று கணக்கிட்டுள்ளனர். இவ்விரண்டு எண்களும் இத்துணை நெருங்கி நிற்றலே இந்நோயின் கொடுமையை எடுத்துக்காட்டும்.

கட்டியை அறுத்து எடுத்துவிடலாகாதோ எனின், ஆகும்; ஆயினும் எல்லார்க்கும் ஆகாது. நோயற்ற ஈரல், பாதிக்கு மேற்பட்ட பகுதியை இழந்த வழியும் மீண்டும் வளர்ந்து நிரம்பும் அரிய ஆற்றலுடையது. சுருங்கி இறுகிய ஈரலுக்கோ அவ்வாற்றல் குன்றியிருக்கும். அதிற் கட்டியோடு சேர்த்துப் பெரும்பகுதியை அறுத்தெடுப்பின், எஞ்சிய பகுதி உடலைத் தாங்கமாட்டாது தளரும். இருதய நோயாலோ முதுமையாலோ பெரிய ஆபரேஷனைத் தாங்க இயலாதவரும் உளர். ஈரலின் இருபுறத்தும் சிதறிய கட்டிகளையுடையாரும் உளர். கத்தியால் அணுகவியலாத இவர்களுக்கு வேறு வழி யாது என்னும் வினாவிற்கு விடையாகவே ஊசித் தீ தோன்றிற்று.

உள்ளே காணும் கண்

உடலைத் திறவாமல் உள்ளே காணும் வழியை முதன்முதற் காட்டியது எக்ஸ் கதிர். அதனை ஜெர்மனி தேசத்து வூர்ட்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் என்பார் 1895-ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். எலும்பினைத் தெளிவாகக் காட்டும் அக்கதிர்ப்படத்தில் ஈரலும் அதனுள்ளிருக்கும் கட்டியும் வேறுபாடின்றி ஒரே நிழலாகவே தோன்றும். பின்னர், செவிக்குப் புலனாகாத ஒலியலையை உடலுட் செலுத்தி, அதன் எதிரொலியைக் கொண்டு படம் வரையும் முறை வளர்ந்தது. கிளாஸ்கோ நகரத்து அயன் டொனால்டும் அவருடைய தோழரும் 1958-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை அம்முறைக்கு மருத்துவத்தில் நிலையான இடம் தேடித் தந்தது. எக்ஸ் கதிரைப் பல திசைகளிற் செலுத்தி, கணிப்பொறியின் உதவியால் உடலின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைக் காட்டும் சி.டி. ஸ்கேன், ஹவுன்ஸ்பீல்டு என்பாரின் முயற்சியால் 1971-ஆம் ஆண்டில் லண்டனில் முதல் நோயாளிக்குப் பயன்பட்டது.

ஈரலைப் பொறுத்தவரையில் இக்கண்ணிற்கு இயற்கையே ஓர் உதவி செய்துள்ளது. ஈரலுக்கு இரண்டு வழியாக இரத்தம் வருகின்றது. ஏறக்குறைய முக்காற் பங்கு குடலிலிருந்து வரும் பெரிய சிரையின் வழியாகவும், காற் பங்கு தமனியின் வழியாகவும் வந்து சேரும். ஈரலிற் பிறந்த புற்றுக் கட்டியோ பெரும்பாலும் தமனியின் இரத்தத்தையே உண்டு வளர்வது. ஆகவே படத்திற் பளிச்சென்று துலங்கும் ஒரு மருந்தைக் கைந்நரம்பிற் செலுத்திவிட்டுப் படமெடுத்தால், தமனியின் இரத்தம் வந்து சேரும் அந்தச் சில வினாடிகளிற் கட்டி மாத்திரம் ஒளிர்ந்து தோன்றும். சிறிது நேரங் கழித்துச் சுற்றியுள்ள ஈரல் ஒளிருங்கால் கட்டி மங்கிப்போகும். இவ்வாறு முன்னொளிர்ந்து பின்மங்குதலே சிரோசிஸ் உடையாரிடத்து இக்கட்டியை அறியும் தலைசிறந்த அடையாளம்.

சுடும் மின்சாரம்

கண் கிடைத்தது, இனித் தீ வேண்டும். நம் வீடுகளில் ஓடும் மின்சாரம் வினாடிக்கு 50 முறை திசை சுழன்று மாறுவது. அது தசையையும் இருதயத்தையும் துடிக்கச் செய்து உயிரை வாங்கவல்லது. பிரெஞ்சு அறிஞர் தார்ஸன்வால் என்பார், வினாடிக்குப் பதினாயிரம் முறைக்கு மேற்பட மாறும் மின்சாரம் நரம்பையும் தசையையும் துடிக்கச் செய்யாது உடலூடே செல்லும் என்பதனை 1891-ஆம் ஆண்டிற் காட்டினார். துடிப்பைத் தராத அம்மின்சாரம் வெப்பத்தை மாத்திரம் தரும். அதனைக் கொண்டே அமெரிக்க தேசத்துப் பாஸ்டன் நகரில் 1926-ஆம் ஆண்டில் போவி என்பார் அமைத்த கருவியால், குஷிங் என்னும் மூளை மருத்துவர் இரத்தப் பெருக்கை அடக்கி ஆபரேஷன் செய்தார்.

இம்மின்சாரத்தை ஓர் ஊசியின் வழியாக ஈரலின் ஆழத்திற்குச் செலுத்தலாம் என்பதனை 1990-ஆம் ஆண்டில் இருவேறிடங்களில் இருவேறு குழுவினர், ஒருவரையொருவர் சாராமல், விலங்குகளின் ஈரலிற் பரிசோதித்து வெளியிட்டனர். இத்தாலியில் ராஸ்ஸியும், அமெரிக்காவில் மெக்காஹனும் அக்குழுக்களுக்குத் தலைவராவர். அதற்கு முன்னரே ஜப்பானிய மருத்துவர்கள் கட்டியினுள் நீரற்ற ஆல்கஹாலை ஊசியாற் செலுத்தி அதனை மடியச் செய்து வந்தனர். ஊசி செல்லும் வழி அதனால் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவ்வழியே இப்பொழுது வெப்பமும் சென்றது.

ரேடியோ அலை மின்சாரம் வினாடிக்கு ஏறக்குறைய நாலரை முதல் ஐந்து லட்சம் முறை திசை மாறும். ஊசிமுனையைச் சூழ்ந்த ஈர்ப்பசையில் மின்னேற்றங் கொண்ட துகள்கள் உண்டு. மின்சாரம் மாறுந்தோறும் அவை இங்குமங்கும் விரைந்து அலையும். அவ்வலைவால் உராய்வும், உராய்வால் வெப்பமும் பிறக்கும். ஊசி தானே பழுக்கக் காய்ச்சிய கம்பியன்று. ஊசியைச் சூழ்ந்த சதையே சூடாகின்றது என்பது ஈண்டு அறியத்தக்கது. இங்ஙனம் நேரே பிறக்கும் வெப்பம் ஊசியினின்று சில மில்லிமீட்டர் தொலைவிற்கே உரியது. அதற்கப்பால் உள்ளது, அடுப்பிலிட்ட கரண்டியின் காம்பில் ஏறும் சூட்டைப்போல, ஒன்றிலிருந்து ஒன்றிற்குப் பரவிச் செல்வதேயாம்.

மைக்ரோவேவ் என்னும் நுண்ணலை மற்றொரு முறை. இதனை ஈரற் கட்டிக்கு ஊசி வழியாகப் பயன்படுத்திய செய்தியை ஜப்பானிய மருத்துவர் ஸெகியும் அவர் குழுவினரும் 1994-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வினாடிக்கு 91½ கோடி முறை அல்லது 245 கோடி முறை அதிரும் அலைகள் இதிற் பயன்படுகின்றன. வீடுகளில் உணவைச் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பும் பின்னதையே கையாளுகின்றது. இவ்வலை நீரின் மூலக்கூறுகளைச் சுழற்றி அலைத்து வெப்பத்தை எழுப்பும். மின்னோட்டம் தடைப்பட்டால் நின்றுபோவது ரேடியோ முறை. நுண்ணலைக்கு அத்தடை இல்லை. ஆதலின் அது விரைந்தும் அகன்றும் சூடேற்றும். இன்று பல மருத்துவமனைகளில் நுண்ணலை முறையே பெருகி வருகின்றது.

வெப்பத்தின் அளவு

நம் உடலின் இயல்பான வெப்பம் சென்டிகிரேடு அளவில் 37 டிகிரி. அது 46 டிகிரிக்கு ஏறி ஒரு மணி நேரம் நிற்குமாயின் உடலணுக்கள் மீளாவண்ணம் கெடும். 50 டிகிரியைத் தாண்டின் சில நிமிஷங்களே போதும். 60 டிகிரிக்கு மேல் அணுக்களின் புரதம், வெந்நீரிலிட்ட முட்டையின் வெண்கருபோல, ஏறக்குறைய அக்கணமே உறைந்துவிடும். அங்ஙனமாயின் வெப்பத்தை மேன்மேலும் ஏற்றுதல் நன்றன்றோ எனின், ரேடியோ முறையில் நன்றன்று. 100 டிகிரியைக் கடந்தவுடன் சதையின் நீர் கொதித்து ஆவியாகும். ஊசியைச் சுற்றிலும் கரி படியும். ஆவியும் கரியும் மின்சாரத்தைச் செல்லவிடா. நடுவிடம் கருகிப்போக, வெப்பம் சேரவேண்டிய ஓரப்பகுதி வேகாமல் நின்றுவிடும். அடுப்பை மிக எரியவிட்டவள் சட்டியின் அடியில் தீய்ந்த சோறும் மேலே அரிசியும் காண்பதனை இஃது ஒக்கும்.

இக்குற்றத்தை நீக்கக் கண்ட உபாயம் வியக்கத்தக்கது. சுடுகின்ற ஊசியின் உட்புழையிற் குளிர்ந்த நீரை இடைவிடாது ஓடச் செய்கின்றனர். முனை குளிர்ந்திருத்தலாற் கரி படியாது. வெப்பம் தொலைவிற்குப் பரவும். குடையின் கம்பிகளைப்போல உள்ளே சென்றபின் விரியும் ஊசிகளும் உண்டு.

சிகிச்சை நடைபெறும் முறை

நோயாளியின் இரத்தம் உறையும் தன்மையை முன்னதாகப் பரீட்சித்து, வெறும் வயிற்றோடு அவரை மேசையிற் கிடத்தி, மயக்க மருந்து கொடுக்கின்றனர். ரேடியோ முறையாயின் மின்சாரம் வெளிச்செல்லத் தொடைகளில் அகன்ற ஒட்டுத்தகடுகளைப் பொருத்துவர். அவை அகன்றிருத்தலால் ஊசிமுனையிற் செறிந்த மின்சாரம் அங்கே பரந்து, தோலைச் சுடாது வெளியேறும். பின்னர் ஒலியலைப் படத்தையோ சி.டி. படத்தையோ நோக்கியவாறே, ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் பருமனுள்ள ஊசியைத் தோலின் வழியே கட்டிக்குள் நாட்டுவர். மூச்சு வாங்குந்தோறும் ஈரல் மேலுங் கீழும் அசைவதால், ஊசி செல்லும் பொழுது மூச்சைச் சற்றே நிறுத்தி வைத்தலும் உண்டு. வெப்பம் ஏற்றும் காலம் பெரும்பாலும் ஐந்து முதற் பன்னிரண்டு நிமிஷங்கள். ஊசியை வெளியே எடுக்குங்கால் அது வந்த வழியையும் சுட்டுக்கொண்டே எடுப்பர். அதனால் இரத்தம் கசியாது. புற்றணுக்கள் வழியிற் சிந்தித் தங்குவதற்கும் இடமிராது. நோயாளி ஓரிரு நாளில் வீடு திரும்புவார். சிலருக்குச் சில நாள் மெல்லிய சுரமும் சோர்வும் காணும். வெந்த சதையை உடல் கரைத்து உட்கொள்வதன் அறிகுறி அது.

இச்சிகிச்சையிற் படம் புரியும் பணிகள் ஐந்து. எவ்வழியாக ஊசி செல்லலாம் என்று முன்னே திட்டஞ் செய்தல், ஊசியைக் கட்டிக்குக் கொண்டு சேர்த்தல், சுடுங்கால் நிகழ்வதனைக் கவனித்தல், வேண்டிய வழி ஊசியை இடம் மாற்றிக் கட்டுப்படுத்தல், முடிந்தபின் முழுதும் அழிந்ததா எனச் சோதித்தல் என்பன அவை. இவற்றுள் எதனைக் கைவிடினும் ஊசித் தீ குருடன் கைத் தீவட்டியே ஆகும்.

விளிம்பின் கணக்கு

கட்டியை மாத்திரம் சுட்டால் போதாது. புற்றின் நுண்ணிய வேர்கள் படத்திற் புலப்படாது அயலிலும் பரந்திருத்தல் கூடும். ஆகையால் கட்டியைச் சுற்றிலும் நல்ல ஈரலிற் குறைந்தது 5 மில்லிமீட்டர், இயன்ற வழி 10 மில்லிமீட்டர் அகலமுள்ள விளிம்பையும் சேர்த்துச் சுடல் வேண்டும். இவ்விளிம்பு சிறிதாகத் தோன்றினும் அதன் கணக்குப் பெரிது.

கணிதம் பயிலும் மாணவர் இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம். குறுக்களவு 3 சென்டிமீட்டருள்ள உருண்டைக் கட்டியின் கன அளவு ஏறக்குறைய 14 கன சென்டிமீட்டர். இருபுறமும் 1 சென்டிமீட்டர் விளிம்பு கூட்டின் குறுக்களவு 5 ஆகும். கன அளவோ 65 ஆகிவிடும். கட்டி 5 சென்டிமீட்டராயின் சுடவேண்டிய உருண்டையின் குறுக்களவு 7. கன அளவு ஏறக்குறைய 180. கட்டி இரண்டு சென்டிமீட்டரே வளர, வேகவேண்டிய சதை ஏறக்குறைய மும்மடங்காகின்றது. இதற்கு ஊசியைப் பலமுறை இடமாற்றிப் பல உருண்டைகளை ஒன்றன்மேலொன்று பொருந்தச் சுடல் வேண்டும். அவற்றினிடையே எங்கேனும் ஒரு சிறு சந்து வேகாமல் நிற்பின், அங்கிருந்தே புற்று மீண்டும் முளைக்கும். 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளுக்கே இச்சிகிச்சை மிகச் சிறந்தது என்று மருத்துவர் வரையறுத்ததன் காரணம் இப்பொழுது விளங்கும்.

ஓடும் இரத்தம் மற்றோர் இடையூறு. 3 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருமனுள்ள இரத்தக்குழாய் கட்டியை ஒட்டி ஓடுமாயின், 37 டிகிரியில் நிற்கும் இரத்தம் அங்கே வந்த வெப்பத்தைக் கவர்ந்துகொண்டு சென்றுவிடும். ஆற்றங்கரையில் மூட்டிய அடுப்பின் சூடு ஈரமணலிற் கழிவதுபோல அவ்வெப்பம் வீணாகும். அக்குழாயைத் தழுவிய புற்றணுக்கள் தப்பிப் பிழைக்கும். நுண்ணலை முறை இவ்விடையூற்றை ஓரளவு வெல்லுமேயன்றி முற்றும் வெல்லாது.

இனிக் குடல், பித்தப்பை, உதரவிதானம் ஆகியவை ஈரலை ஒட்டி நிற்பன. அவற்றைச் சுட்டுவிடின் பெருங்கேடு விளையும். ஆதலின் கட்டி அவற்றிற்கு அண்மையில் இருப்பின், இடையே சர்க்கரை நீரை ஊசியாற் செலுத்தி உறுப்புக்களை விலக்கி வைப்பர். ரேடியோ முறையில் உப்பு நீரை இதற்குப் பயன்படுத்தலாகாது. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்திக் காவல் செய்யவேண்டிய இடத்திற்கே வெப்பத்தைக் கொண்டு சேர்க்கும். ஈரலின் நடுவிலுள்ள பெரிய பித்தநாளங்களையோ இங்ஙனம் விலக்கி வைத்தல் இயலாது. அவற்றையொட்டிய கட்டிக்கு இச்சிகிச்சையைப் பெரும்பாலும் தவிர்ப்பர்.

கண்ணும் ஏமாறும்

சுடுங்கால் ஒலியலைப் படத்தை நோக்கினால், ஊசிமுனையிலிருந்து ஒரு வெண்மேகம் எழுந்து கட்டியை மூடுவது தெரியும். அறியாதார் அம்மேகம் பரந்த இடமெல்லாம் வெந்தது எனக் கொள்வர். அது வெப்பத்தால் எழுந்த வாயுக் குமிழிகளின் கூட்டமேயாம். குமிழி பரவிய இடமும் அணு இறந்த இடமும் ஒன்றல்ல. மேகம் கலைந்தபின், முன்னே கூறிய துலங்கும் மருந்தைச் செலுத்தி மீண்டும் படமெடுத்தலே உண்மையைக் காட்டும் வழி. உயிரற்ற சதையில் இரத்தம் ஓடாதாகலின் அவ்விடம் ஒளிராது கருமையாகவே நிற்கும். அக்கருமை கட்டியையும் விளிம்பையும் சேர்த்து மூடியிருத்தல் வேண்டும்; ஓரத்தில் ஒரு சிறு ஒளித்துண்டு தோன்றினும் வேலை முடியவில்லை என்பது பொருள். நல்ல மருத்துவர் மேகத்தைக் கண்டு மகிழாமல் கருமையைக் கண்ட பின்னரே அமைவர். அதன் பின்னரும் சில திங்களுக்கொருமுறை படமெடுத்துப் பார்ப்பதனை நிறுத்தார்.

பயனும் அபாயமும்

ஒரு சிகிச்சையின் மதிப்பு அதனைச் செய்வாரின் ஆர்வத்தால் அறியப்படுவதன்று; ஒப்பிட்டு எண்ணிய கணக்கால் அறியப்படுவது. ஜப்பானிய மருத்துவர் 232 நோயாளிகளை இரு கூறாக்கி, ஒரு கூறினருக்கு ரேடியோ வெப்பமும், மற்றவர்க்கு ஆல்கஹால் ஊசியும் அளித்து 2005-ஆம் ஆண்டில் முடிவினை வெளியிட்டனர். நான்காம் ஆண்டின் முடிவில் உயிர் வாழ்ந்தோர் வெப்பம் பெற்றவருள் நூற்றுக்கு 74 பேர். ஆல்கஹால் பெற்றவருள் 57 பேர். இத்தாலிய மருத்துவமனைகள் பல சேர்ந்து 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கில், 2,320 நோயாளிகளுள் இச்சிகிச்சையால் இறந்தவர் 6 பேர். பெரிய தீங்குற்றோர் நூற்றுக்கு இருவருக்குச் சற்று மேற்பட்டோர். இரத்தக் கசிவு, ஈரலிற் சீழ்க்கட்டி, குடற் புண் என்பன அத்தீங்குகளுட் சில.

பெருங்குடற் புற்று ஈரலிற் பரவினோர்க்கு, அறுத்தெடுத்தலே முதன்மையான வழியென்று நெடுங்காலம் கொள்ளப்பட்டு வந்தது. நெதர்லாந்து தேசத்து மருத்துவர் 3 சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டிகளையுடைய ஏறக்குறைய 300 பேரிடத்து இரு முறைகளையும் ஒப்பிட்டு, 2024-ஆம் ஆண்டில் முடிவினை அறிவித்தனர். உயிர் வாழ்தலில் வெப்ப முறை கத்திக்குக் குறைந்ததாகக் காணப்படவில்லை. மருத்துவமனையில் தங்கும் காலம் நான்கு நாளிலிருந்து ஒரு நாளாகக் குறைந்தது, தீங்குகளும் குறைந்தன. கத்தியை ஏற்க இயலாதவர்க்கென்று தோன்றிய முறை, ஏற்கவல்லவர்க்கும் ஒத்த வழியாக உயர்ந்தமை ஈண்டுக் கருதத்தக்கது.

ஆயினும் இதன் எல்லையையும் மறைத்தலாகாது. கட்டி பெரிதாயின், அல்லது பலவாயின், அல்லது பெரிய இரத்தக்குழாய்க்குள்ளேயே புகுந்துவிட்டதாயின், இவ்வூசி மாத்திரம் போதாது. ஈரலுக்கு வெளியேயும் புற்றுப் பரவிய வழி மருந்தே முதன்மையாகும். மேலும், சிரோசிஸ் உற்ற ஈரல் களைவிதை நிறைந்த வயலைப் போல்வது. ஒரு களையை வேரோடு எரித்தாலும் வயலின் தன்மை மாறாது. வேறோரிடத்திற் புதிதாக மற்றொன்று முளைத்தல் கூடும். வயலையே மாற்றுவதாகிய ஈரல் மாற்று சிகிச்சை தக்கோர் சிலர்க்கு உரியது. அதற்கு ஈரல் கிடைக்குமளவும் கட்டியை வளரவிடாது காத்து நிற்கும் பணியையும் இவ்வூசி செய்கின்றது.

நாம் கருதவேண்டியது

இதுகாறும் கூறியவற்றால் ஒன்று தெளிவாகும். சுடுங்கருவி எத்துணைச் சிறந்ததாயினும், அது கட்டி சிறிதாயிருக்கும் பொழுதே முழுப்பயன் தரும். நெல்லிக்காய் அளவிற் கண்டால் ஓர் ஊசியும் சில நிமிஷங்களும் போதும். மாங்காய் அளவிற் கண்டால் அவ்வூசியே கையாலாகாததாகும். ஈரலோ வாய் திறவாத உறுப்பு. நெல்லிக்காயைப் பற்றி அது நமக்கு அறிவியாது. ஆகவே சிரோசிஸ் உடையோர் ஆறு திங்களுக்கொருமுறை, நோவில்லாத பொழுதும், ஒலியலைப் படம் எடுத்துக்கொள்ளல் வேண்டும் என்று மருத்துவ உலகம் வற்புறுத்துகின்றது. ஹெபடைடிஸ் பி கிருமியை நெடுநாளாக உடையோருள்ளும் பலர்க்கு இவ்விதி பொருந்தும். 'எனக்கு ஒன்றுமில்லையே' என்று கூறி அப்பரீட்சையைத் தள்ளிப்போடுவார் இழப்பது ஒரு நாளையன்று. ஊசியாற் குணமாகும் காலத்தையே இழக்கின்றனர்.

கட்டி எழாமலே தடுத்தல் அதனினுஞ் சிறந்தது. தைவான் தீவில் 1984-ஆம் ஆண்டு முதற் பிறந்த குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இட்டு வந்தனர். அத்தலைமுறையிற் சிறுவரிடத்துக் காணப்பட்ட ஈரற் புற்று முன்னையினும் குறைந்துவிட்டது என்று 1997-ஆம் ஆண்டில் அந்நாட்டு மருத்துவர் எண்ணிக் காட்டினர். ஹெபடைடிஸ் சி கிருமியையோ இன்று சில வாரங்கள் உட்கொள்ளும் மாத்திரைகளாற் பெரும்பாலோரிடத்து முற்றும் ஒழிக்கலாகும். கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் தாம் தடுப்பூசி பெற்றுள்ளோமா என்பதனைப் பெற்றோரிடம் கேட்டறிதலும், பெறாதவர் பெறுதலும், வீட்டில் ஈரல் நோயுற்ற முதியோர் இருப்பின் அவரை உரிய காலத்திற் பரீட்சைக்கு அழைத்துச் செல்லுதலும் பெருஞ் செலவு வேண்டாத செயல்கள்.

அறிவியலார் நெடுங்காலம் முயன்று, தீயை ஓர் ஊசிமுனையில் அடக்கி, அதற்கு வழிகாட்டும் கண்ணையும் தந்துள்ளனர். அக்கண் திறந்திருந்தும், காட்டவேண்டியவர் காலத்தில் வாராவிடின் அது யாரைக் காணும்? உரிய காலத்தில் அதன் முன்னே சென்று நிற்றல் நம் கையில் உள்ளது.